தாய்மையும் இலைச்சத்தும்

கருவுற்ற பெண்ணைப் போற்றுவது தமிழர் வாழ்வில் தொன்றுதொட்டு வரும் நெறியாகும். மசக்கை கண்டவளுக்கு விரும்பிய உணவைத் தேடித் தருவதும், ஐந்திலோ ஏழிலோ வளைகாப்பிட்டு மகிழ்வதும், பலவகைச் சோறு ஆக்கி உறவினர் கூடி வாழ்த்துவதும் மலாக்கா மாநிலத் தமிழர் இல்லங்களில் இன்றும் மறையவில்லை. தோட்டத்து லயங்களில் வாழ்ந்த காலத்திலும், தோட்டத்தை விட்டுப் பாச்சாங் போன்ற நகர்ப்புறங்களில் குடியேறிய பின்னரும், இவ்வழக்கங்கள் தாயோடு மகளுக்கு வந்து சேர்ந்தன.

ஆயினும் இயற்கையின் கணக்கு வேறாக இருக்கிறது. குழந்தையின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரவிருக்கும் நரம்புக்குழாய், கரு உண்டான 28 நாள்களுக்குள் உருவாகி மூடிக்கொள்கிறது. வளையல் அடுக்கும் ஏழாம் மாதத்தில் அன்று. தான் தாயாகப் போவதைப் பெண்ணே ஐயமற அறிந்திராத முதல் மாதத்தில் அவ்வேலை முடிந்துவிடுகிறது. அந்தக் குழாய் முறையாக மூடுவதற்கு ஒரு சத்து தேவைப்படுகிறது. பச்சிலையிலிருந்து பிரிக்கப்பட்டமையால், இலை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அடியாகக் கொண்டு, அறிவியலார் அதற்கு ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலைச்சத்து எனத் தமிழில் அதனை வழங்குதல் பொருத்தமுடைத்து.

இன்று இச்சத்து ஒரே வடிவில் கிடைப்பதில்லை. அரசு மருத்துவ நிலையத்தில் வழங்கப்படும் சிறிய மஞ்சள் மாத்திரையில் இருப்பது ஃபோலிக் அமிலம். தனியார் மருந்தகத்தில் அதிக விலைக்கு விற்கப்படும் சில புட்டிகளில் இருப்பது மெத்தில் ஃபோலேட். முருங்கைக்கீரையிலும் பருப்பிலும் இருப்பது இயற்கை ஃபோலேட். இம்மூன்றனுள் எதனை ஒரு பெண் தேர்ந்துகொள்வது? விலை மிகுந்தது சிறந்ததா? கீரை மட்டுமே போதுமா? இவ்வினாக்களுக்கு விடை காண வேண்டுமாயின், அச்சத்து மனிதரின் அறிவுக்கு எட்டிய வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாற்றின் முற்பகுதி நிகழ்ந்த இடங்களுள் தமிழ் மண்ணும் ஒன்றாகும்.

அரிசி கற்பித்த பாடம்

உணவில் ஒரு சத்து குறைந்தால் நோய் வரும் என்னும் உண்மையை உலகுக்கு உணர்த்தியதில் மலாயாவுக்குத் தனிச் சிறப்பு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சாலைப் பணிகளிலும் உழைத்தவர்களைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் வீங்கின, நெஞ்சு அடைத்தது, பல்லாயிரவர் மாண்டனர். ஆனால், தோட்டங்களில் வாழ்ந்த தமிழர்களிடையே அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் 1907-இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டினார். தமிழர் உண்டது புழுங்கலரிசி. நோயுற்றோர் உண்டது நன்கு தீட்டிய வெள்ளைப் பச்சரிசி.

கோலாலம்பூரில் 1900-இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர் இதனைச் சோதித்தறிய முற்பட்டனர். நெகிரி செம்பிலானின் டுரியான் திப்புஸ் பகுதியில் சாலை அமைத்துக்கொண்டிருந்த ஏறத்தாழ 300 சாவகத் தொழிலாளரைப் பிரித்து, ஒரு சாராருக்கு வெள்ளையரிசியும் மற்றொரு சாராருக்குப் புழுங்கலரிசியும் அளித்தனர். வெள்ளையரிசி உண்டவர்களுக்கே நோய் வந்தது. 1909-இல் வெளியான இம்முடிவு உலக மருத்துவத்தில் நிலைபெற்றது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்கு அடுத்த தவிட்டிலுள்ள தயாமின் என்னும் உயிர்ச்சத்து அரிசியின் உள்ளே சென்று தங்கிவிடுகிறது என்பதே பின்னர் அறியப்பட்ட காரணமாகும்.

ஒரே நெல்தான், பக்குவம் வேறாகும்போது பயனும் வேறாகிறது. சத்து இருக்கிறதா என்பதோடு, அது எவ்வடிவில், எத்துணை உறுதியோடு உடலைச் சென்றடைகிறது என்பதும் கருதத்தக்கது. இலைச்சத்தின் வரலாறும் இப்பாடத்தையே மீண்டும் கற்பிக்கிறது.

புழுங்கலரிசி தமிழரைப் பெரிபெரியிலிருந்து காத்தது உண்மையே. ஆனால், எல்லாக் குறைகளிலிருந்தும் அது காக்கவில்லை. 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் வணிக நோக்குடன் ரப்பர் பயிரிட்டதும், பின்னர் புக்கிட் அசகானில் அத்தோட்டம் விரிந்ததும் இந்நாட்டு ரப்பர்த் தொழிலின் தொடக்கமாக அமைந்தன. அடுத்து வந்த ஆண்டுகளில் தோட்டங்கள் பெருகின. தமிழகத்திலிருந்து குடும்பங்கள் வந்தன. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து, மாலையில் லயத்தில் உலையேற்றிய பெண்கள் அதே உடலில் கருவையும் சுமந்தனர். மலேரியாவும் கொக்கிப்புழுவும் அவர்தம் குருதியைக் குறைத்தன. சோறும் சிறிது குழம்பும் கொண்ட உணவு அக்குறையை ஈடுசெய்யப் போதவில்லை. கருக்காலத்தில் வெளுத்துச் சோர்ந்து போவது பெண்ணாய்ப் பிறந்தவளின் தலைவிதி என்றே அன்று பலரும் எண்ணினர். அது விதியன்று, தீர்க்கத்தக்க குறையே என்று நிறுவியவர் ஓர் ஆங்கிலேயப் பெண்மணி.

குன்னூரும் கோஷா மருத்துவமனையும்

லூசி வில்ஸ் 1888-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் பயின்று, பின்னர் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1920-இல் மருத்துவரானார். இந்தியாவில் தாய்மார் மரணம் பற்றி நடந்த ஆய்வில் பங்குகொள்ள 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் உழைத்த ஏழைப் பெண்கள் கருக்காலத்தில் கடுஞ்சோகையுற்று மாண்டுகொண்டிருந்தனர். அப்பெண்களின் குருதியில் சிவப்பணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பருத்தும் காணப்பட்டன. இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகையில் அணுக்கள் சிறுத்துப் போகும். இங்கே அவை பருத்திருந்தமையால் இது வேறொரு குறை என்பது தெளிவாயிற்று.

முதலில் கிருமியே காரணமாகலாம் என ஐயுற்று ஆராய்ந்தார். அவ்வாறில்லை எனக் கண்டார். பின்னர் அப்பெண்கள் உண்பது யாது என ஆராயத் தொடங்கினார். அடுக்களையைப் பார்த்த பின்னரே ஆய்வுக்கூடத்திற்கு வழி தெரிந்தது எனலாம். வறுமையால் பழமும் கீரையும் இறைச்சியும் உணவில் அருகியிருந்த பெண்களையே அந்நோய் மிகுதியும் பற்றியது.

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் நீலகிரியிலுள்ள குன்னூருக்கு வந்து ஆய்வு நடத்தினார். அங்குள்ள பாஸ்டர் நிலையத்தில்தான் இராபர்ட் மக்கரிசன் இந்திய உணவு வகைகளைப் பற்றிய ஆராய்ச்சியை நடத்தி வந்தார். 1931-இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னையில் பணியாற்றினார். அவர் பணிபுரிந்த சாதி கோஷா மருத்துவமனை, வெளி ஆடவர் முன் வாராத பெண்களுக்கென 1885-இல் மேரி ஷார்லீப் என்னும் மருத்துவரின் முயற்சியால் தோன்றியது. திருவல்லிக்கேணியில் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாறி இன்றும் அது விளங்குகிறது. முதியோர் நாவில் கோஷா ஆஸ்பத்திரி என்னும் பழம்பெயர் இன்றும் வழங்குகிறது.

எலிகளுக்கும் குரங்குகளுக்கும் அப்பெண்களின் உணவைப் போன்ற சத்துக் குறைந்த உணவை அளித்துச் சோகையை உண்டாக்கிய வில்ஸ், ஈஸ்டு சேர்த்தால் அது நீங்குவதைக் கண்டார். மதுவடிப்பில் எஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான பொருளைக் கருவுற்ற பெண்களுக்குக் கொடுத்தார். மலேசிய இல்லங்களில் ரொட்டியில் தடவவும் கஞ்சியில் கலக்கவும் பயன்படும் அதே கரிய பசைதான் அது. சில நாள்களிலேயே அப்பெண்களின் குருதியில் புதிய அணுக்கள் தோன்றின, சோர்வு நீங்கியது. 1931-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் அவர் இதனை வெளியிட்டார்.

இங்கே நுட்பமான ஒரு செய்தியும் உண்டு. கொடிய சோகை என வழங்கிய மற்றொரு நோய்க்கு ஈரல் உணவு மருந்தாவதை அமெரிக்காவில் மைனாட்டும் மர்பியும் 1926-இல் கண்டறிந்திருந்தனர். ஈரலின் தூய்மைப்படுத்திய சாறு அந்நோயைத் தீர்த்தது. ஆனால் கருக்காலச் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரலும் ஈஸ்டுமே அதனைத் தீர்த்தன. ஆகவே, இவ்விரு நோய்களுக்கும் காரணமான சத்துகள் வெவ்வேறு என வில்ஸ் உணர்ந்தார். அவர் கண்ட சத்து பல்லாண்டுக்காலம் வில்ஸ் காரணி என்றே அழைக்கப்பட்டது. மற்றொன்று 1948-இல் பிரித்தெடுக்கப்பட்ட பி12. நோயை ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்து பொருந்துமாறு செய்க என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த முறைக்கு வில்சின் பணி தக்கதோர் எடுத்துக்காட்டு.

கீரையிலிருந்து மாத்திரைக்கு

ஈஸ்டில் ஏதோ ஒரு சத்து உண்டு என அறிந்தாலும் அது யாது என அறிய மேலும் பத்தாண்டுகள் சென்றன. 1941-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்போர் நான்கு டன் பசலைக்கீரையை ஆய்ந்து அச்சத்தைப் பிரித்தனர். ஃபோலிக் அமிலம் என்னும் பெயர் அப்போது தோன்றியதே. நான்கு டன் கீரையிலிருந்து மிகச் சிறிதளவே கிடைத்தது. அதனைக் கொண்டு நாட்டிலுள்ள தாய்மாரைக் காத்தல் இயலாது. செயற்கையாக ஆக்கும் வழி வேண்டியிருந்தது.

அவ்வழியைக் கண்ட குழுவுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகத சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்த இத்தெலுங்கர், சென்னை மாநிலக் கல்லூரியிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் பயின்றவர். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்து கல்லூரிக்குச் சென்றமையால் ஆசிரியரின் சினத்திற்கு ஆளாகி, முழுப்பட்டத்திற்குப் பதிலாகக் குறைந்த தகுதிச் சான்றே பெற்றார் என்பது அவர் வரலாறு. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்த பின், 1920-களின் தொடக்கத்தில் அமெரிக்கா சென்று ஹார்வர்டில் உயிர்வேதியியல் பயின்றார். குடலைக் கெடுத்து உடலை உருக்கும் ஸ்புரூ என்னும் நோய்க்குத் தம் உடன்பிறந்தார் இருவரைப் பறிகொடுத்தவர் அவர். ஃபோலிக் அமிலம் அந்நோயின் சோகைக்கும் மருந்தாயிற்று என்பதை நினைக்குங்கால், ஒரு மனிதரின் துயரம் உலகின் நலமாக மாறிய விந்தை புலனாகும்.

லெடர்லே ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவின் தலைமையில் உழைத்த வேதியியலார் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக ஆக்கி வெற்றி கண்டனர். அவ்வாண்டிலேயே மருத்துவர் டாம் ஸ்பைஸ், பெரிய அணுச் சோகையுற்றோருக்கு அதனை அளித்து அது குணப்படுத்துவதைக் காட்டினார். வில்ஸ் பம்பாயில் கண்ட காரணி இப்பொழுது ஒரு மாத்திரைக்குள் அடங்கியது. 1948-இல் தம் 53-ஆம் வயதில் சுப்பாராவ் மறைந்தார்.

இந்தியா 1970-இல் தொடங்கிய நாடு தழுவிய சோகைத் தடுப்புத் திட்டத்தில் இரும்போடு ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையே தாய்மாருக்கு வழங்கப்பட்டது. மலேசியத் தாய்மாரும் கருக்கால மருத்துவ நிலையங்களில் இவ்விரண்டையும் பெற்றுவருகின்றனர். ஆயினும், அப்பொழுதெல்லாம் மாத்திரையின் நோக்கம் தாயின் குருதியைக் காப்பதாகவே இருந்தது. சேயின் முதுகெலும்புக்கும் அதற்கும் உள்ள தொடர்பு பின்னரே தெளிவாயிற்று.

தாயிலிருந்து சேய்க்கு

சுப்பாராவின் ஆய்வுக்கூடமே ஃபோலிக் அமிலத்திற்கு மாறாக வேலை செய்யும் மருந்துகளையும் ஆக்கியது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரின், குழந்தைகளின் குருதிப் புற்றுநோயைத் தற்காலிகமாகத் தணிப்பதைச் சிட்னி ஃபார்பர் 1948-இல் வெளியிட்டார். அதே மருந்து கருவுற்ற பெண்களுக்குக் கொடுக்கப்பட்டபோது கருச்சிதைவும், பிழைத்த கருவில் உறுப்புக் குறைகளும் நேர்ந்ததை 1952-இல் தியர்ஷ் என்பவர் எழுதினார். இலைச்சத்தைத் தடுத்தால் கருவின் உருவாக்கமே சிதைகிறது என்னும் எச்சரிக்கை அதில் இருந்தது.

1960-களில் இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹிபர்ட், ஸ்மிதெல்ஸ் என்னும் இருவர், நரம்புக்குழாய்க் குறையுள்ள குழந்தைகளைப் பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் பயன்பாட்டில் குறை மிகுந்திருப்பதை எடுத்துக்காட்டினர். குழாயின் கீழ்ப்பகுதி மூடாவிடின் முதுகுத்தண்டு பிளந்த நிலையில் குழந்தை பிறக்கிறது. அக்குழந்தை உயிர் பிழைப்பினும், கால்கள் செயலற்றும் சிறுநீரை அடக்க இயலாமலும் வாழ நேரிடலாம். மேற்பகுதி மூடாவிடின் மூளையே முழுமையாக உருவாவதில்லை, அக்குழந்தை வாழ்வதில்லை. பத்து மாதம் காத்திருந்த தாய்க்கு இதனினும் பெருந்துயர் வேறில்லை.

ஐயத்தைப் போக்கும் உறுதியான சான்று 1991-இல் கிடைத்தது. பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சிக் குழு, முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்ற 1,817 பெண்களை 7 நாடுகளிலுள்ள 33 மையங்களில் ஆய்வுக்கு உட்படுத்தியது. கருத்தரிக்கும் முன்பிருந்தே நாள்தோறும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் உண்டவர்களிடம் குறை மீண்டும் தோன்றுவது 72 விழுக்காடு குறைந்தது. பயன் தெளிவாகிவிட்டமையால், ஆய்வைக் குறித்த காலத்திற்கு முன்னரே நிறுத்தினர். அடுத்த ஆண்டில் ஹங்கேரியில் செய்ஸல் என்பவர் வெளியிட்ட ஆய்வு, முன்பு இக்குறையைக் கண்டிராத பெண்களுக்கும் இப்பயன் உண்டு எனக் காட்டியது. 0.8 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் அடங்கிய உயிர்ச்சத்து மாத்திரையை உண்ட தாய்மாருள் ஒருவருக்கும் அக்குறையுள்ள கரு அமையவில்லை. உண்ணாத மற்றொரு சாராரிடம் ஆறு கருக்கள் அக்குறையுடன் அமைந்தன.

எளிய அளவே போதுமா என்னும் வினாவுக்குச் சீனம் விடை கூறியது. 1999-இல் வெளியான பெரும் ஆய்வில், பெண்கள் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை மட்டும் உண்டனர். வடபகுதியில் ஆயிரத்துக்கு 4.8 என இருந்த குறை 1.0 ஆகவும், தென்பகுதியில் 1.0 என இருந்தது 0.6 ஆகவும் குறைந்தது. ஏற்கெனவே குறை மிகுந்த இடத்தில் பயனும் மிகுதியாயிற்று.

எவ்வடிவம் ஏற்றது?

இவ்வரலாற்றின் துணைகொண்டு இன்றைய வினாவை அணுகலாம். இயற்கை ஃபோலேட் முருங்கைக்கீரை, பசலைக்கீரை, பாசிப்பயறு, உளுந்து, கொண்டைக்கடலை, ஈரல் ஆகியவற்றில் நிறைந்துள்ளது. ஆனால், அது பல கண்ணிகள் கோத்த சங்கிலி போன்றது. குடல் அக்கண்ணிகளை வெட்டிய பின்னரே ஏற்கும். நெடுநேரம் வேகவைத்தால் அழியும், நீரில் கரையும், கீரை வெந்த நீரைக் கொட்டிவிட்டால் சத்தும் உடன்செல்லும். உணவிலுள்ள 100 பங்கு இயற்கை ஃபோலேட், உணவோடு சேர்த்து உண்ணும் ஃபோலிக் அமிலத்தின் ஏறத்தாழ 60 பங்குக்கே ஈடாகும் எனக் கணக்கிட்டுள்ளனர். கீரையும் பருப்பும் கைவிடத்தக்கன அல்ல. அவை நாள்தோறும் வேண்டுவன. எனினும், கருவின் முதல் மாதத்தைக் காக்க அவற்றை மட்டுமே நம்புதல் போதாது.

ஃபோலிக் அமிலம் ஒற்றைக் கண்ணி உடையது. வெப்பத்தையும் நாள்பட்ட இருப்பையும் தாங்குவது. விலை மிகக் குறைந்தது. இதனால்தான் அமெரிக்கா 1998 முதல் 100 கிராம் மாவுக்கு 140 மைக்ரோகிராம் வீதம் அதனைச் சேர்க்கச் சட்டம் செய்தது. ஆஸ்திரேலியாவும் 2009-இல் ரொட்டி மாவில் அதனைக் கட்டாயமாக்கியது. உடலுக்குள் சென்ற பின் அது சில படிகளில் மாற்றமடைந்து, குருதியில் இயல்பாக ஓடும் மெத்தில் ஃபோலேட் ஆகிறது.

அம்மாற்றத்தின் கடைப்படிக்கு உதவும் நொதியம் சிலரிடம் பிறவியிலேயே சற்று மந்தமாக வேலை செய்கிறது. இதற்குக் காரணமான மரபணு வேறுபாடு 1995-இல் கண்டறியப்பட்டது. இதிலிருந்து, அத்தகையோருக்கு ஃபோலிக் அமிலம் பயன்படாது என்றும், மாற்றம் வேண்டாத மெத்தில் ஃபோலேட்டே ஏற்றது என்றும் ஒரு கருத்துப் பரவியது. கருத்து கேட்பதற்கு நன்றாக உள்ளது. ஆனால் முழு உண்மை அதுவன்று. தாய் தந்தை இருவர் வழியாகவும் அவ்வேறுபாட்டைப் பெற்றவர்களின் குருதியில்கூட, ஒரே அளவு ஃபோலிக் அமிலம் உண்டபோது, ஃபோலேட் ஏறத்தாழ 16 விழுக்காடே குறைந்து காணப்படுகிறது என அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கூறுகிறது. மாத்திரை அவர்களுக்கும் பயனளிக்கிறது என்பதே இதன் பொருள்.

மெத்தில் ஃபோலேட்டுக்கும் உரிய மதிப்பை அளித்தல் நடுநிலையாகும். மலேசியப் பெண்களிடமே 12 வாரம் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அவ்வடிவம் குருதியின் ஃபோலேட் அளவை ஃபோலிக் அமிலத்தினும் மிகுதியாக உயர்த்தியது. இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆனால், குருதியில் அளவு உயர்தல் வேறு. பிறக்கும் குழந்தை குறையின்றிப் பிறத்தல் வேறு. 1991, 1992, 1999 ஆகிய ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் குழந்தைகளையே கண்டு கணக்கிட்டவை. அவை அனைத்தும் ஃபோலிக் அமிலத்தைக் கொண்டே நடந்தவை. நரம்புக்குழாய்க் குறையைத் தடுப்பதாக அவ்வாறு நேரே மெய்ப்பிக்கப்பட்ட வடிவம் அது ஒன்றே. மெத்தில் ஃபோலேட் உண்ணும் பெண் தவறு செய்தவள் அல்லள்; ஆனால் அதனை வாங்க இயலாமையால் மலிவான மாத்திரையை உண்ணும் பெண் தன் குழந்தைக்குக் குறைவானதை அளித்தவளும் அல்லள். இவ்வுண்மை ஏழைத் தாயின் நெஞ்சில் ஏற்றப்படும் வீண் கவலையை நீக்கவல்லது.

அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். பொதுவாக நாளுக்கு 400 மைக்ரோகிராம் போதும் என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. முன்பு இக்குறையுள்ள குழந்தையைப் பெற்றவர், நீரிழிவு உடையவர், வலிப்பு நோய்க்கு மருந்து உண்பவர், தாலசீமியா உடையவர் ஆகியோருக்கு 4 அல்லது 5 மில்லிகிராம் எனப் பேரளவு தேவைப்படலாம். இந்நாட்டு அரசு நிலையங்களில் 5 மில்லிகிராம் மாத்திரையே பரவலாக வழங்கப்படுகிறது. எவருக்கு எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்; அண்டை வீட்டார் சொற்கேட்டு அளவைக் கூட்டுதலும் குறைத்தலும் தகா.

மரக்கறி உணவினர் கருதவேண்டிய செய்தி ஒன்றும் உளது. வில்ஸ் பிரித்தறிந்த அவ்விரு சத்துகளுள் மற்றொன்றான பி12, இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே கிடைக்கும். அச்சத்து குறைந்தவர் ஃபோலிக் அமிலத்தை மட்டும் மிகுதியாக உண்டால் சோகை மறையும். ஆனால் நரம்புகள் உள்ளூரக் கெட்டுக்கொண்டே போகலாம். மெத்தில் ஃபோலேட்டை உடல் பயன்படுத்துவதற்கும் பி12 இன்றியமையாதது. எவ்வடிவைத் தேர்ந்தாலும் இதனை மறத்தல் ஆகாது.

காலமே முதன்மை

வடிவத்தைப் பற்றிய வாதத்தில் மூழ்கிக் காலத்தைத் தவறவிடுதல் பெருந்தவறு. மூன்றாம் மாதத்தில் முதன்முறையாக மருத்துவ நிலையத்திற்குச் சென்று, தாய்மார் கையேடு பெற்று, அன்று முதல் மாத்திரை உண்ணும் பெண்ணின் குருதிக்கு அது நன்மை செய்யும். ஆனால், குழந்தையின் நரம்புக்குழாய்க்கு அது காலங்கடந்த உதவியே. விலையுயர்ந்த வடிவமாயினும் 28 நாள்களைத் திருப்பித் தர அதனால் இயலாது. குழந்தை வேண்டும் என எண்ணிய நாள் தொட்டுப் பன்னிரண்டாம் வாரம் வரை உண்ணுதலே அக்குழாயைக் காக்கும் முறை. அதன் பின்னரும் தாயின் குருதி நலம் கருதி இரும்போடு அது தொடர்தல் வேண்டும்.

இந்நாட்டுப் பெண்களின் நிலையும் இதனையே வலியுறுத்துகிறது. மலாய், சீன, இந்தியப் பெண்களின் ஃபோலேட் நிலையை ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், கருவைக் காக்கப் போதிய அளவினை எட்டியிருந்தோர் சிறுபான்மையினரே. 2015-இல் உலக சுகாதார நிறுவனமும், கருத்தரிக்கும் வயதுடைய பெண்களின் சிவப்பணுக்களில் ஃபோலேட் லிட்டருக்கு 906 நானோமோலுக்கு மேல் இருத்தல் வேண்டும் என வரையறுத்தது. அவ்வளவை எட்ட நாள்தோறும் மாத்திரை உண்டாலும் வாரங்கள் பல செல்லும்; ஒரே நாளில் அது நிரம்புவதன்று. திருமண நாள் குறிக்கும் இல்லங்களில் பந்தலுக்கும் பட்டுக்கும் திட்டமிடுவதோடு இச்சிறு மாத்திரைக்கும் இடமளித்தல் அறிவுடைமையாகும்.

பம்பாய் நெசவாலைப் பெண்ணும் மலாக்கா பால்மரத் தோட்டத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் கண்டவர் அல்லர். இருவரும் ஒரே வெளுப்பையும் சோர்வையும் சுமந்தனர். இருவரும் அதனை விதி என்றே பொறுத்தனர். நெசவாலைப் பெண்ணின் குருதித் துளியிலிருந்து தொடங்கிய ஆராய்ச்சி, குன்னூரையும் சென்னையையும் கடந்து, கதராடை அணிந்த மாணவர் ஒருவரின் ஆய்வுக்கூடத்தில் மாத்திரையாகி, இன்று பாச்சாங் மருந்தகத்தின் அடுக்கில் வந்து நிற்கிறது. ஏழைப் பெண்ணின் பொருட்டு மலிவான மார்மைட்டைத் தேர்ந்த லூசி வில்சின் பணியில் தொடங்கிய இவ்வரலாறு, எளியோர் கைக்கு எட்டாத மருந்தை முதலிடத்தில் வைக்கச் சொல்லவில்லை. எட்டுவதை உரிய காலத்தில் உண்ணச் சொல்கிறது. வளைகாப்பு நாளில் வாழ்த்தும் கைகள், மணநாளிலேயே இச்செய்தியை மகளுக்கும் மருமகளுக்கும் எடுத்துரைக்குமாயின், பிறக்கும் தலைமுறை நிமிர்ந்த முதுகோடு நடக்கும்.